ஒரு கையொப்பம்தானே உம்மா



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் அறுபது தாண்டிய உம்மாவோ வாப்பாவோ இருக்கிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். யாருடைய மானத்தையும் வாங்க எழுதவில்லை. சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம். "நாங்கள்" என்று எழுதுவது எங்கள் ஸ்டாப் ரூமில் இருக்கிற ஆசிரியர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான். இந்த அநியாயத்தில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது.

போன தவணையில் ஒரு நாள், இடைவேளை நேரம். எங்கள் மாணவி ஒருத்தியின் மூத்தம்மா பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டாப் ரூம் வாசலுக்கு வந்தார். வயது எழுபத்தெட்டு. கணவர் மௌத்தாகிப் பல வருடங்கள். குர்ஆனைத் தடங்கலில்லாமல் ஓதுகிறவர். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார். ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. கையில் ஒரு சொப்பிங் பேக். அதற்குள் மடித்து மடித்து நைந்துபோன ஒரு போட்டோகொப்பி.

"இதுல என்ன மனே எழுதியிரிக்கி? வாசிச்சிச் சொல்லுங்க" என்றார்.

மகனின் பைலில் இருந்து பேத்தி எடுத்துக் கொடுத்த தாள் அது. பிள்ளைக்கு அதில் விற்பது என்பதற்கான ஆங்கிலச் சொல் மட்டும் விளங்கியிருக்கிறது. விளங்கியதும் பயந்துபோய் மூத்தம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

நாங்கள் வாசித்தோம். அது ஒரு பொது அற்றோணித் தத்துவம். எங்கள் பக்கத்தில் சுருக்கமாக "பவர்" என்று சொல்வோமே, அதுதான். அந்த மூத்தம்மா தன் மகனுக்குக் கொடுத்தது. காணிகளை விற்கலாம், ஈடு வைக்கலாம், குத்தகைக்குக் கொடுக்கலாம், நன்கொடையாக எழுதலாம். வங்கியில் இருந்து காசு எடுக்கலாம், கணக்கை மூடலாம். வழக்குப் பேசலாம், சமாதானமாகலாம். எல்லாவற்றையும் அவரே நேரில் வந்து செய்தது போலச் செய்யலாம். ஒரு மனிசி உயிரோடு இருந்து செய்யக்கூடிய அத்தனையும் இரண்டு பக்கத்தில் அடங்கியிருந்தது.

"நான் உர மானியத்துக்கெண்டுதானே கையொப்பம் வெச்ச?" என்று கேட்டார்.

நடந்தது இதுதான். அவருக்குக் கண்ணில் வெண்படலம். ஒப்பரேசனுக்கு முந்திய கிழமை மகன் வந்திருக்கிறார். "கமநல நிலையத்துக்குப் போகணும், பேங்குக்குப் போகணும், உங்களால அலைய ஏலா. நான் பார்த்துக்கிறன். ஒரு கையொப்பம்தானே உம்மா" என்றிருக்கிறார். ஓட்டோவில் ஏற்றி ஒரு லோயரின் ஒப்பிஸுக்குக் கொண்டுபோயிருக்கிறார். தாளில் என்ன இருக்கிறது என்று யாரும் வாசித்துக் காட்டவில்லை. அவருக்கும் கண் தெரியவில்லை. பெயர் எழுத வேண்டிய இடத்தில் மகன் விரலை வைத்துக் காட்ட, அந்த இடத்தில் எழுதிவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த போகம் வயல் குத்தகைக்காரர் நெல் மூடை கொண்டுவரவில்லை. மறந்துவிட்டார் போல என்று இவர் சும்மா இருந்தார். அதற்கடுத்த போகமும் வரவில்லை. வெட்கத்தை விட்டு ஆளனுப்பிக் கேட்டபோதுதான், "மூத்தம்மா, அந்த வயல் இப்ப வேற ஆள்ரயெல்லா" என்று பதில் வந்தது. மூன்று ஏக்கர். கணவர் விட்டுப்போனது அது ஒன்றுதான். இரண்டு போகத்து நெல்லில்தான் அவருடைய மருந்து, சாப்பாடு, பேரப்பிள்ளைக்குப் பெருநாள் காசு எல்லாம் நடந்தது.

தாளின் அடியில் இரண்டு சாட்சிக் கையெழுத்துகள். "இவங்க ஆரு?" என்று கேட்டார். ஒரு பெயரை வாசிக்க எங்களுக்கு நா எழவில்லை. அந்தப் பெயருக்கு உரியவர் அதே மேசையின் மறுபக்கத்தில் இருந்தார். எங்களோடு படிப்பிக்கிறவர். நல்ல மனிதர். ஒரு சதம் வாங்கியவர் அல்ல. மகன் இவருடைய கூட்டாளி. பாடசாலை விடும் நேரம் கேற்றடிக்கு வந்து, மோட்டார் சைக்கிள் சீற்றில் தாளை வைத்து, "உம்மாட ஒரு சின்ன விசயம், சாட்சிக்கு ஒரு கையெழுத்து" என்றிருக்கிறார். இவரும் போட்டுவிட்டார். மூத்தம்மா அங்கே இல்லை. நொத்தாரிசும் அங்கே இல்லை.

இதை எழுதச் சொன்னதே அந்த ஆசிரியர்தான். "என்ட பெயரப் போட்டாலும் பரவாயில்ல, எழுதுங்க" என்றார். பெயர் போடவில்லை. ஏனென்றால் அந்த இடத்தில் எங்களில் யாருடைய பெயரும் இருந்திருக்கலாம். கல்வியியற் கல்லூரியில் இருந்து நியமனம் கிடைத்து வந்த நாளிலிருந்து இன்று வரை "சேர், ஒரு கையெழுத்து" என்று கேட்டு எங்களிடம் வராத ஆள் ஊரில் இல்லை. நாங்களும் வாசிக்காமல் எத்தனை போட்டிருப்போம் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

சாட்சி என்றால் என்ன என்று இப்போதாவது விளங்கிக்கொள்வோம். காணி விற்பதென்றால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னால் இருக்கக் கையொப்பம் வைக்க வேண்டும் என்று இந்த நாட்டுச் சட்டம் 1840 ஆம் ஆண்டிலிருந்து சொல்கிறது. அந்தக் கட்டளைச் சட்டத்தின் பெயரே மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். கையொப்பம் வைப்பவரைத் தனக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சாட்சிகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது நொத்தாரிசுக்கான விதி. வாசிக்க முடியாதவருக்கு வாசித்து விளக்கிச் சொல்ல வேண்டும் என்பதும் விதி. உறுதியின் கடைசியில் "வாசித்து விளக்கப்பட்டது, சாட்சிகள் முன்னிலையில் ஒப்பமிடப்பட்டது" என்ற கருத்தில் நொத்தாரிசு எழுதுகிற பந்தி இருக்கிறதே, அதற்குக் கீழே நிற்பது எங்கள் மானம். அந்தப் பந்தி பொய்யென்றால் நாங்கள் போட்டது பொய்ச் சாட்சி. பெயர் சொல்லி அழைக்கத் தயங்கத் தேவையில்லை. ரமழானில் பொய்ச் சாட்சியைப் பற்றிப் பயான் கேட்டு அழுகிற நாங்கள், மோட்டார் சைக்கிள் சீற்றில் வைத்துப் போட்டது அதைத்தான்.

குர்ஆனில் மிக நீளமான ஆயத்து எதைப் பற்றியது என்று பிள்ளைகளிடம் பொது அறிவுக் கேள்வி கேட்கிறோம். சூரா பகராவின் 282 ஆவது வசனம். அது கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுகிறவன் நீதியாக எழுத வேண்டும், சாட்சிகள் இருக்க வேண்டும், பலவீனமானவருக்காகப் பேசுகிறவர் நியாயமாகப் பேச வேண்டும் என்பதெல்லாம் அதில் வருகிறது. நாங்கள் பரிசு கொடுக்கிற கேள்விக்குள் இருப்பது இந்த மூத்தம்மாவின் வழக்குத்தான்.

இனி, இதைக் கதைத்தால் ஊரில் வரும் பதில்களுக்கு வருவோம். எல்லாம் எங்களிடம் வந்தவைதான்.

"இது குடும்ப விசயம்." குடும்ப விசயமென்றால் ஏன் வெளியில் இருந்து இரண்டு சாட்சி எடுத்தீர்கள்? ஏன் நொத்தாரிசு? ஏன் பதிவு? வயலை வாங்கியவரும் குடும்பமில்லை. அவர் ஊரார். ஐந்து நேரமும் அந்த மூத்தம்மாவின் வாசலைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறார். "மூத்தம்மா, உங்கட வயல விற்கப் போறீங்களாமே, உண்மையா?" என்று ஒரு வார்த்தை கேட்க அவருக்கு இரண்டு நிமிசம் போதும். கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்பதால் கேட்கவில்லை. அந்த வயல் நெல்லைத்தான் அவர் இப்போது சாப்பிடுகிறார்.

"எப்படியும் பிள்ளைக்குத்தானே போகும்." போகும், மௌத்துக்குப் பிறகு. உயிரோடு இருக்கிறவரின் சொத்துக்கு வாரிசு கிடையாது. அது அவருடைய சொத்து. அப்படியே போவதாக இருந்தாலும் கணக்கைப் பாருங்கள். கணவரும் பெற்றோரும் இல்லாத இந்த உம்மாவுக்கு ஒரு மகன், இரண்டு மகள்கள். எங்கள் வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்குப் பாதி, மகள்களுக்குக் கால் கால். மூன்று ஏக்கரில் ஒன்றரை ஏக்கர் அவருக்கு, முக்கால் ஏக்கர் வீதம் தங்கச்சிமாருக்கு. மூன்றையும் விற்றவர் உம்மாவிடம் எடுத்தது மட்டுமல்ல, இரண்டு தங்கச்சிமாரின் வருங்காலப் பங்கையும் சேர்த்தே எடுத்துவிட்டார்.

"அவளுகளுக்குச் சீதன வீடு கொடுத்தாச்சி, ஆம்புளப் புள்ளைக்கு என்ன கிடச்ச?" இந்தக் கேள்வியை நாங்கள் சும்மா தள்ளிவிடவில்லை. கிழக்கில் இது உண்மையான மனக்குறை. மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வாப்பாவும் நாநாமாரும் இளமையைத் தொலைக்கிறார்கள். கடைசியில் ஆண்பிள்ளை வெறுங்கையோடு பெண்சாதியின் வீட்டுக்குப் போகிறான். வீட்டைக் கொடுத்த உம்மாவும் அதே வீட்டின் பின்பக்கத்து அறைக்குப் போகிறார். எங்கள் சீதன வழக்கம் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் ஏழையாக்குகிறது. அதைப் பற்றி வேறு ஒரு நாள் எழுதுவோம். ஆனால் குறை இருந்தால் உம்மாவின் முன்னால் உட்கார்ந்து கேட்க வேண்டும். "எனக்கும் ஒரு பங்கு தாங்க" என்று வாய்விட்டுக் கேட்ட மகனை எந்த உம்மாவும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். உர மானியம் என்று சொல்லிக் கையொப்பம் எடுப்பது பங்கு கேட்பதாகாது. அது களவு.

"அவர்தானே உம்மாவப் பார்க்கிறார்." இந்த வீட்டில் அதுவும் உண்மையில்லை. உண்மையாகப் பார்க்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் அற்றோணித் தத்துவம் வைத்து நேர்மையாக நடக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு ராத்தா வாப்பாவின் பென்சனை எடுக்கிறார். எண்பது பக்க சீ.ஆர். கொப்பியில் திகதி போட்டு எழுதுகிறார்: பம்பஸ் இவ்வளவு, மருந்து இவ்வளவு, ஓட்டோ இவ்வளவு. வெளிநாட்டில் இருக்கிற நாநா வந்தால் யாரும் கேட்காமலே கொப்பியை முன்னால் வைக்கிறார். பார்த்துக்கொள்கிற கஷ்டத்துக்குத் தனக்கு மாதம் ஒரு தொகை வேண்டுமென்று வெளிப்படையாகக் கேட்டார், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அமானிதம் என்பது இதுதான். மறைத்துச் செய்ய வேண்டியதாக இருந்தால் அது பராமரிப்பு அல்ல.

வகாலத் என்பதை மார்க்கம் எங்களுக்குச் சொல்லித்தராமல் விடவில்லை. வகீல் என்பவர் அமானிதக்காரர். ஷாபிஈ மத்ஹபில் வகீல் தன்னிடம் தந்த பொருளைத் தனக்கே விற்க முடியாது. வகாலத் கொடுத்தவர் மௌத்தானாலோ புத்தி தடுமாறினாலோ வகாலத் முடிந்துவிடும். மௌத்தோடு அற்றோணித் தத்துவம் முடிந்துவிடும் என்பதை நாட்டுச் சட்டமும் சொல்கிறது. உம்மாவுக்கு மறதி நோய் முற்றி, பிள்ளையின் பெயரே தெரியாமல் போன பிறகு பழைய தாளைக் காட்டிக் காணி விற்பது இரண்டு சட்டத்துக்கும் விரோதம். புத்தி தடுமாறியவரின் சொத்தைப் பராமரிக்க மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து முகாமையாளர் ஒருவரை நியமிக்கும் வழி சிவில் நடவடிக்கைமுறைக் கோவையில் இருக்கிறது. அந்த வழி நீளம்தான். அந்த நீளம் உம்மாவின் பாதுகாப்புக்காக.

மிம்பரில் நிற்கும் மௌலவிமாரிடமும் ஒரு வேண்டுகோள். தாயின் காலடியில் சுவர்க்கம் என்று வருடத்துக்குப் பல ஜும்ஆக்களில் கேட்கிறோம். தாயின் கட்டைவிரலில் மை பூசுவதைப் பற்றி ஒரு ஜும்ஆவிலாவது சொல்லுங்கள். கையொப்பத்தை ஏமாற்றி எடுத்துவிட்டு முன் ஸஃப்பில் வந்து நிற்கிறவருக்கு அது தன்னைப் பற்றித்தான் என்று விளங்கும்படி சொல்லுங்கள். பள்ளி நிர்வாகங்கள் மையித்துக்குக் குழி வெட்டுவதில் காட்டும் ஒழுங்கை, உயிரோடு இருக்கிற முதியவர்களின் விசயத்திலும் கொஞ்சம் காட்டலாம்.

சட்டம் படித்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும்தான். நொத்தாரிசாகப் பேனை பிடிக்கிற நீங்கள், கையொப்பம் வைக்க வந்த முதியவரைக் கூட்டிவந்தவர் யார் என்று பாருங்கள். சல்லி தருகிறவர் யார் என்று பாருங்கள். பலன் அடையப் போகிறவரும் அவரேயென்றால், அவரை வெளியே போய் நிற்கச் சொல்லுங்கள். கதவைச் சாத்திவிட்டு முதியவரிடம் தமிழில் கேளுங்கள்: "இது என்ன தாள் எண்டு உங்களுக்குச் சொன்ன?" அவர் சொல்லும் பதில் தாளில் இருப்பதோடு பொருந்தாவிட்டால் அன்றைக்குக் கையொப்பம் கிடையாது.

பிள்ளைகளும் முதியவர்களும் கவனிக்க வேண்டியவற்றை, நாங்கள் கேட்டறிந்த அளவில் எழுதுகிறோம். நாங்கள் சட்டத்தரணிகள் அல்ல. உங்கள் விசயத்துக்கு ஒரு சட்டத்தரணியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. பென்சன் எடுக்கவோ உர மானியம் எடுக்கவோ பொது அற்றோணித் தத்துவம் தேவையில்லை. ஒரு வேலைக்குத் தேவையென்றால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் விசேட அற்றோணித் தத்துவம் எழுதலாம். எந்தக் காணி, எந்தக் கணக்கு, எவ்வளவு காலம் என்று அதில் இருக்க வேண்டும். விற்கவும் ஈடு வைக்கவும் நன்கொடை எழுதவும் அதிகாரம் இல்லை என்று வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள்.

2. தமிழில் எழுதச் சொல்லுங்கள். ஒரு கொப்பி முதியவரின் கையில் இருக்க வேண்டும். இன்னொன்று மற்றப் பிள்ளைகளிடம் இருக்க வேண்டும்.

3. கொடுத்ததைத் திரும்ப எடுக்கலாம். அதற்கு இரத்துப் பத்திரம் எழுதி, அற்றோணித் தத்துவம் பதிந்த இடத்திலேயே அதையும் பதிய வேண்டும். வங்கிக்கும், பவர் வைத்திருக்கிறவருக்கும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாயால் "இனி நீ பார்க்காத" என்று சொன்னால் போதாது.

4. சந்தேகம் இருந்தால் காணிப் பதிவகத்தில் தோம்பைத் தேடிப் பாருங்கள். கேவியட் பதிந்து வைத்தால் அந்தக் காணிக்கு யாராவது உறுதி பதிய வரும்போது அறிவித்தல் கிடைக்கும்.

5. நன்கொடை உறுதி எழுதுகிறவர்கள் ஒரு சொல்லைக் கவனியுங்கள். முஸ்லிம்களின் நன்கொடை பற்றி 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உறுதியிலேயே "மீளப்பெற முடியாதது" என்று எழுதியிருந்தால் தவிர நன்கொடை மீளப்பெற முடியாததாகாது என்கிறது. அந்தச் சொல்லை வழக்கமாகப் போடுவதுதானே என்று தட்டச்சுப் பிள்ளை போட்டுவிடுவாள். உம்மாவிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

6. கைவிடப்பட்ட பெற்றோருக்கு 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டு அதன் கீழுள்ள பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்தில் இந்த விசயத்தைக் கவனிக்கும் உத்தியோகத்தரிடம் கேளுங்கள். வழக்குப் பேச வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. ஒப்படைத்த சொத்தைத் தன் சொத்தாக்கிக்கொள்வது தண்டனைச் சட்டக் கோவையில் நம்பிக்கை மோசடி என்ற குற்றம். சொந்த மகன் செய்தாலும் அதே பெயர்தான்.

இதையெல்லாம் அந்த மூத்தம்மாவுக்கும் சொன்னோம். பொலிசுக்குப் போகலாம், சட்ட உதவிக்குப் போகலாம், நாங்கள் கூட வருகிறோம் என்றோம். கையெழுத்துப் போட்ட எங்கள் ஆசிரியர், தான் அந்த இடத்தில் இருக்கவில்லை என்று எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார் என்றார். அது தனக்கும் நொத்தாரிசுக்கும் என்ன கொண்டுவரும் என்று தெரிந்துதான் சொன்னார்.

மூத்தம்மா தாளை மடித்துத் திரும்ப பேக்குக்குள் வைத்தார். "அவன்ட புள்ளையளுக்குக் கலியாணம் பேசுற நேரம் மனே. வேணாம்" என்றார். பிறகு, "பேங்குல இரிக்கிறதயாவது காப்பாத்த ஏலுமா?" என்று கேட்டார்.

அதை மட்டும் செய்தோம். அடுத்த நாள் லீவு போட்டு இரண்டு பேர் கூடப் போனார்கள். வேறொரு சட்டத்தரணி தமிழில் இரத்துப் பத்திரம் எழுதினார், சத்தமாக வாசித்துக் காட்டினார், அதன் பிறகே கையொப்பம் வாங்கினார். வங்கிக்கும் கடிதம் கொடுத்தாயிற்று. இருந்தது பெரிய தொகை அல்ல. ஆனால் அது இப்போது அவர் வைத்தால் மட்டும் எடுக்கக்கூடிய காசு. வயல் திரும்பவில்லை. அந்த வழக்கைப் பேசுவதா இல்லையா என்பது அவருடைய முடிவு. அவருக்குப் பதிலாக நாங்கள் முடிவெடுக்கப் போனால் நாங்களும் மகன் செய்ததைத்தான் செய்கிறோம்.

எங்கள் ஸ்டாப் ரூமில் இப்போது ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். கையொப்பம் வைக்கிறவர் முன்னால் இல்லாமல், நொத்தாரிசு முன்னால் இல்லாமல், தாளை நாங்கள் வாசிக்காமல், முதியவரோடு தனியாகக் கதைக்காமல் யாருக்கும் சாட்சிக் கையெழுத்து இல்லை. கூட்டாளிக்கும் இல்லை, சொந்த மச்சானுக்கும் இல்லை. இதனால் கோபித்துக்கொண்ட இரண்டு பேர் ஏற்கனவே இருக்கிறார்கள். கோபிக்கட்டும்.

ஆசிரியர்களே, அதிபர்களே, ஜே.பி. முத்திரை வைத்திருக்கிறவர்களே, கிராம உத்தியோகத்தர்களே, உங்களிடமும் இதையேதான் கேட்கிறோம். ஏமாற்றுகிறவனுக்கு உம்மாவின் கையொப்பம் மட்டும் போதாது. உங்களுடையதும் வேண்டும். அதைக் கொடுக்காதீர்கள்.

இன்றைக்கு மஃரிபுக்குப் பிறகு உங்கள் உம்மாவிடமோ வாப்பாவிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: "இதுக்கு முந்தி எங்கயாவது கையொப்பம் வெச்சீங்களா? அது என்னத்துக்கெண்டு தெரியுமா?" பதிலைக் கேட்டுவிட்டு, அந்தத் தாளைத் தேடி எடுத்து, அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

வஸ்ஸலாம்.